ஒரு சாண் கூடுதல்

போளூரைத் தாண்டியதும் ஏகாம்பரம் அண்ணன் முகமது அலியை ஒரே போடாகக் கீழே சாய்த்துவிட்டார். "குத்துச்சண்டைக்கு எதிர்ல ஒருத்தன் வேணும் மாஸ்டர். அவன் சொத்தையா இருந்தா நீங்ககூட ஜெயிப்பீங்க. அது எப்படி தனி ஆளு விளையாட்டாவும்? அது ரெண்டு பேரு விளையாட்டு." டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் தாமோதரன் மாஸ்டர் கழுத்தை முழுசாகத் திருப்பி, "அலியப் பத்தி இப்படிப் பேசறவனோட எனக்குப் பேச்சே கெடயாது," என்று சொல்லிவிட்டு, அடுத்த கால் மணி நேரம் மூச்சு வாங்காமல் அவரோடுதான் பேசினார். தனி ஆளாக ஆடும் விளையாட்டுகளில் உலகத்திலேயே பெரிய ஆள் யார்? எடை தூக்கும் போட்டிக்குப் போய்விட்டு வேலூர் திரும்பும் ஒவ்வொரு முறையும் இந்த வேனுக்குள் இந்த வழக்கு நடக்கும். ஜெயித்து வந்தாலும் நடக்கும், தோற்று வந்தாலும் நடக்கும். தீர்ப்பு மட்டும் இதுவரை வந்ததில்லை. இன்றைக்குக் குரல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குமுதாவுக்கு அதன் காரணம் தெரியும். அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்த நிரோஷாவைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் இரண்டு பேரும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அழுது முடித்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியாது. அலியைப் பற்றிப் பேசத் தெரியும். நல்ல மனுஷர்கள் என்று குமுதா நினைத்தாள். இந்த நல்ல மனுஷர்களிடம் எப்படிச் சொல்வது. செருப்பைக் கழற்றி வைத்திருந்த வலது காலின் கட்டைவிரல் தானாகப் போய் அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தது. அங்கேயேதான் இருந்தது. ஒரு சாண்.

எடைத் தட்டுகள் மாட்டித் தூக்கும் இரண்டு ராடுகள் வேனின் நடுவழியில் நீளவாக்கில் கிடந்தன. ஏற்றும்போது ஏகாம்பரம் அண்ணன் இரண்டையும் காலால் தள்ளி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் டங்கென்று இடிக்கும்வரை விட்டிருந்தார். முன்பக்கம் இரண்டும் ஒரே இடத்தில் முட்டி நின்றன. பின்பக்கம், குமுதாவின் காலடியில், ஒன்று மற்றதைவிட ஒரு சாண் நீண்டு கிடந்தது. நீளமானது ஆண்களுக்கானது, இருபது கிலோ. குட்டையானது பெண்களுக்கானது, பதினைந்து கிலோ. கிளப்பில் சேர்ந்த முதல் நாளே யாருக்கும் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. குட்டையான ராடின் முனையில் தட்டோடு சுழல வேண்டிய குழாய் இறுகிப்போயிருந்தது. மத்தியானம் போட்டி நடுவில்தான் அது இறுகியது. நீளமானதன் நடுவே, கை பிடிக்கும் சொரசொரப்பில், கை வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பவுடர் இன்னும் அப்பியிருந்தது. அந்தப் பவுடரில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு பிளாஸ்திரி. ரோஸ் கலர். நிரோஷா கட்டைவிரலில் சுற்றிக்கொள்வது. அந்தக் கலரை மருந்துக்கடையில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்ததே குமுதாதான். முதலில் அவள் ஒரு சாணைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்திரியைப் பார்த்தாள். வேன் கிளம்பி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்போதிலிருந்து அவள் தலைக்குள் ஒரே கூட்டல், மாட்டிய தட்டுகளின் கூட்டல், ஓடிக்கொண்டிருக்கிறது. இருபத்தைந்து, இரண்டரை, ஒன்றரை. இருபத்தொன்பது. இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பத்தெட்டு. தட்டு நழுவாமல் இறுக்கும் பூட்டு இரண்டும் ஐந்து. ராடு பதினைந்து. எழுபத்தெட்டு. சரியாகத்தான் இருக்கிறது. மறுபடியும். இருபத்தைந்து, இரண்டரை, ஒன்றரை. ஒவ்வொரு தடவையும் கணக்கு சரியாகவே வந்தது. கடைசியில் ராடு என்கிற இடத்துக்கு வரும்போது மட்டும் கால் கட்டைவிரல் எழுந்து, இல்லை, என்றது.

போட்டி நடத்தியவர்களிடம் நல்ல ராடு இல்லை. அதனால் கிளப்பின் ராடுகளைக் கொண்டுபோனார்கள். ராடோடு சேர்த்துத் தட்டு மாட்ட ஆளும் நீங்களே கொடுங்கள் என்றார்கள். "எங்க குமுதா போடுவா. டிகிரி முடிச்ச பொண்ணு. கணக்கு தப்பாது," என்று மாஸ்டர் மைக் முன்னால் சொன்னது கேட்டது. அப்போது அவளுக்குக் காது வரை சூடேறியது, சந்தோஷமா பயமா என்று தெரியாத ஒரு சூடு. காலையிலிருந்து நாற்பது தடவைக்கு மேல் தட்டுகளை மாட்டியிருப்பாள், கழற்றியிருப்பாள், ஒன்றும் தப்பவில்லை. கடைசியில் நிரோஷா ஒருத்திதான் பாக்கி. கடைசி வாய்ப்பு. எழுபத்தெட்டு கிலோவைத் தோளுக்கு ஏற்றி, அங்கிருந்து தலைக்கு மேல் தள்ளி நிறுத்தினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பயிற்சியில் அவள் தூக்கியது எழுபத்தாறு. இரண்டு கிலோதான், வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து ராடின் குழாய் சுழல மாட்டேன் என்று நின்றது. "வேற ராடு, சீக்கிரம், டைம் ஓடுது," என்று யாரோ கத்தினார்கள். குமுதா பின்பக்கம் ஓடினாள், உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் இடத்துக்கு. சுவரோரம் போட்டிக்காரர்களின் பழைய ராடுகளோடு கிளப்பின் ஆண்கள் ராடும் சாய்த்திருந்தது; கைக்கு எட்டியதை எடுத்தாள். ஆண்கள் ராடின் முனையில் மஞ்சள் டேப் சுற்றி அடையாளம் வைத்ததே அவள்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால். போன மாசம் அது அவிழ்ந்து விழுந்தது. புதுசு வாங்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள். எடுத்தபோது கனமாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது முள் மாதிரி நிற்கிறது. கனமாகத்தான் இருந்தது, காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதனால்தான் என்று ஓடும்போதே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டாள். கை சொன்னது. அவள் கையிடம் காரணம் சொன்னாள்.

"அப்ப நீச்சல்காரன்," என்றார் டிரைவர் அப்சல் பாய். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாதாடுவார். "அமெரிக்காக்காரன் பெல்ப்ஸ். இருபத்திமூணு தங்கம். ஒரே ஆளுக்கு. அந்தக் கழுத்த நெனச்சுப் பாருங்க, அத்தினியும் மாட்டிக்கினா நிமிர முடியுமா?" ஏகாம்பரம் அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர்போல விரலை நீட்டினார். "அதுல பத்து ரிலே, பாய். நாலு பேரு சேர்ந்து நீந்தனது. தனி ஆளுன்னு சொல்லிட்டு நாலு பேரு கணக்க ஒருத்தன் பேர்ல எழுதக் கூடாது." "சரி, பத்தக் கழிச்சிக்க. பதிமூணு. பதிமூணு பத்தாதா உனக்கு? நீ மின்சார வாரியத்துல ஒரு தடவையாவது பதிமூணு நாள் சேந்தாப்புல வேலைக்குப் போயிருக்கியா?" மாஸ்டர் சிரித்த சிரிப்பில் முன்கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம் ஆடியது. குமுதாவும் சிரித்திருப்பாள், வேறு நாளாக இருந்தால். அவளுக்கு இந்த மூன்று பேரின் சண்டை பிடிக்கும். அவள் வீட்டில் யாரும் எதைப் பற்றியும் இப்படி வெட்டியாக வாதாடியதில்லை. சாயந்திரம் வரும்போது எல்லோருக்கும் உடம்பு வலிக்கும். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள், அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், அவருக்குச் சோறு கொண்டுபோனபோது பார்த்தாள். லாரியிலிருந்து ஒரு மூட்டையை முதுகில் வாங்கியவர் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். இறக்கிவிட்டார். "இது எழுபத்தஞ்சு இல்ல," என்றார். மூட்டை மேல் எழுபத்தைந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். நிறுத்துப் பார்த்தார்கள். எழுபத்தொன்பது. அப்பா யாரையும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார். அன்றைக்கு எத்தனை பெருமையாக இருந்தது அவளுக்கு. அதே அப்பாவின் மகள்தான். நாலு கிலோவை முதுகு கண்டுபிடித்தது. ஐந்து கிலோவைக் கை கண்டுபிடித்தும் இவள் வாயை மூடிவிட்டாள். படித்ததனால் ஆனதா. அப்படியெல்லாம் இல்லை. படிப்பு மேல் பழி போடாதே குமுதா. அவசரம், அவ்வளவுதான். அவசரம் என்றால் மன்னிப்பு உண்டா.

நிரோஷாவின் தலை தோளில் கனத்தது. இருபது வயசு, நாற்பத்தொன்பது கிலோ, ஒரே தெரு, ஐந்து வயசிலிருந்து அக்கா அக்கா என்று பின்னால் சுற்றுகிறவள். அவள் முடியில் பவுடரும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. மேடைக்கு வந்து குனிந்து ராடைப் பிடித்தவள் உடனே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஓரமாக நின்ற குமுதாவைப் பார்த்து, உதடு மட்டும் அசையச் சொன்னாள்: "அக்கா, தடியா கீதுக்கா." ஆண்கள் ராடு பிடிக்கவும் தடிமன்தான், சின்னக் கைக்குள் முழுசாக அடங்காது. அதை அந்தக் கை கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்து, நம்புகிற ஒருத்தியிடம் சொல்லவும் செய்தது. நம்புகிற ஒருத்தி என்ன சொன்னாள்? "பயத்துல அப்படித்தாண்டி இருக்கும். தூக்கு." அந்த 'தூக்கு' என்ற சொல்லைக் குமுதா இப்போது நாக்கில் வைத்துப் பார்த்தாள். எத்தனை சுலபமான சொல். தூக்கினாள். முதல் இழுப்பிலேயே முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. ராடு தொடையைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, தோளில் வந்து இடித்தது; அந்த இடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தவள் அங்கேயே புதைந்துவிடுவாள்போல இருந்தது. மாஸ்டர் எழுந்திரு எழுந்திரு என்று அலறினார். அந்த உட்கார்வில் அவள் எவ்வளவு நேரம் இருந்தாள்? மூன்று வினாடி இருக்கும். குமுதாவுக்கு அது இன்னும் முடியவில்லை. பிறகு எழுந்தாள். முழுசாக எழுந்து நின்றாள். கழுத்து நரம்பு சுண்டுவிரல் பருமனுக்குப் புடைத்திருக்க, தோளில் அவ்வளவையும் வைத்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேல் தள்ளியபோதுதான் முழங்கை மடங்கியது. ராடு முன்னால் விழுந்தது. மூன்று நடுவர்களும் சிவப்புக் கொடி. கீழே இறங்கி வந்தவள், "எழுபத்தெட்டே இந்த கதின்னா நான் இன்னா தூக்கறது," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வேனில் ஏறும்போது, "நாளைலேர்ந்து ஷூ கம்பெனிக்குப் போறேன் மாஸ்டர். அம்மா சொல்லி வெச்சிட்டாங்க. இனிமே கிளப்பு பக்கம் வர மாட்டேன்," என்றாள். மாஸ்டர் தலையாட்டினார். அப்புறம் அலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

சொன்னால் என்ன ஆகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது. வேலூரில் இறங்கியதும் ராடுகளைத் தனித்தனியாக மூலையில் சாத்திவிடலாம், பவுடரைத் துணியால் துடைத்துவிடலாம், பிளாஸ்திரியை நகத்தால் கிள்ளி எறிந்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை. அதன் பிறகு அவள் எப்போதும்போல டிகிரி முடித்த பொண்ணு, கணக்கு தப்பாதவள். நிரோஷா நாளைக் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள். தன் பலம் எழுபத்தெட்டுக்குள் முடிந்துபோயிற்று என்று நம்பிக்கொண்டே ஏறுவாள். நாற்பது வயசில் பக்கத்து மிஷின்காரியிடம், நானும் ஒரு காலத்தில் தூக்கினேன், முடியவில்லை என்பாள். பொய் அது. குமுதா பண்ணிக் கொடுத்த பொய். இன்னொரு பக்கம் சொன்னால். "நிரோஷா, ராடு மாறிப்போச்சு." இப்படித் தொடங்கலாமா? மாறிப்போச்சு என்றால் தானாக மாறியதுபோல இருக்கிறது. "ராட மாத்திட்டேன்." அப்படி என்றால் வேண்டுமென்று மாற்றியதுபோல. "நான் தப்பான ராட எடுத்தாந்துட்டேன்." ஆமாம், இதுதான். இந்த வாக்கியத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனால் அதன் பிறகு? தட்டு மாட்டியதில் தப்பு இருந்தால் இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. அங்கேயே, அப்போதே சொல்லியிருந்தால் தந்திருப்பார்கள். இப்போது கொட்டாயைப் பிரித்திருப்பார்கள். உன்னால் போச்சு என்று இவள் ஜென்மத்துக்கும் முகம் பார்க்காமல் போவாள். இந்தத் தலை இனி இந்தத் தோளுக்கு வராது. குமுதா மூச்சை மெதுவாக விட்டாள், தலை அசையாமல் இருக்க. ஒருவேளை அந்த ராடு இல்லையோ? சூடாக்கிக்கொள்ளும்போது நிரோஷா ஆண்கள் ராடைப் பிடித்திருக்கலாம், பிளாஸ்திரி அப்போது ஒட்டியிருக்கலாம். நம்பிக்கை ஒரு கணம் பூனைக்குட்டி மாதிரி மடியில் ஏறியது. உடனே இறங்கிப் போயிற்று. பிளாஸ்திரியைக் கடைசி வாய்ப்புக்கு முன்னால்தான் புதிதாகச் சுற்றினாள். சுற்றிவிட்டதும் குமுதாதான். பல்லால் கடித்துக் கிழித்துச் சுற்றினாள். வாயில் அந்தப் பசையின் கசப்பு இன்னும் இருந்தது.

கண்ணமங்கலம் நெருங்கும்போது ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்சல் பாய் இன்ஜினை அணைத்தார். சத்தம் நின்றதும் வெயில்தான் முதலில் உள்ளே வந்தது. பிறகு வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து மண் வாசனை. வழக்கு இப்போது தங்கள் சொந்த விளையாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். "துருக்கிக்காரர், சுலைமானோக்லு," என்றார் மாஸ்டர், கும்பிடாத குறையாக. "நாலடி பத்தங்குலம். அறுபது கிலோ உடம்பு. நூத்தித்தொண்ணூறு தூக்கினாரு. தன் ஒடம்ப மூணு மடங்கு வெச்சி மேல ஒரு பிடி. எதிராளி கெடயாது, பந்து கெடயாது, காத்து தண்ணி ஒண்ணும் கெடயாது. மேடையில ஏறிட்டா நீயும் இரும்பும். பெத்த தாயே வந்தாலும் ஒரு விரல் குடுக்க முடியாது. இதுதான்டா தனி ஆளு விளையாட்டு." அப்சல் பாய், "பேர்லயே சுலைமான் கீது, சும்மாவா?" என்று மட்டும் சொன்னார். நீயும் இரும்பும். குமுதாவின் தலைக்குள் அது போய் மாட்டிக்கொண்டது. நீயும் இரும்பும் மட்டுமா மாஸ்டர்? அந்த இரும்பை யார் வைத்தது? அந்தத் துருக்கிக்காரர் குனிந்தபோது நூற்றுத்தொண்ணூறு என்று யாரோ சொன்னதை நம்பித்தானே குனிந்தார். தட்டை எண்ணிப் பார்த்துவிட்டா தூக்கினார்? மேடையில் தனியாக நிற்கிறவளுக்குப் பின்னால், பெயர் தெரியாத ஒருத்தி தட்டை மாட்டிவிட்டு ஓரமாகப் போய் நிற்கிறாள். அவள் சொன்ன எண்ணை இவள் உண்மை என்று எடுத்துக்கொள்கிறாள். நிரோஷா தனியாகத் தூக்கவில்லை. குமுதாவின் தப்பையும் சேர்த்துத் தூக்கினாள். ஐந்து கிலோ தப்பு. அதையும் தோள் வரைக்கும் கொண்டுபோய், எழுந்து நின்றும் காட்டினாள்.

எழுந்து நின்றாள். அங்கே வந்து அவள் எண்ணம் திடுக்கென்று நின்றது. இத்தனை நேரமும் விழுந்த ராடையே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் நின்றவளைப் பார்த்தாள். இருபத்தைந்து, இரண்டரை, ஒன்றரை என்று மறுபடி தொடங்கியபோது முன்சீட்டிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் குரல் வந்தது. "எங்க பேச்சு கெடக்கட்டும். குமுதா, நீ சொல்லும்மா. படிச்ச பொண்ணு. யாரு பெரிய ஆளு? நீ சொல்றதுதான் தீர்ப்பு. இந்தக் கேட்டு தெறக்கறதுக்குள்ள சொல்லு." மூன்று பேரும் திரும்பினார்கள். மாஸ்டரின் முகத்தில், உனக்கு எப்படியும் சுலைமானோக்லுதான் என்று தெரியும் எனக்கு, என்ற புன்சிரிப்பு. ஒளிய இடமில்லாத அந்த வாக்கியத்தைத் தேடினாள். அது காணாமல் போயிருந்தது. வேறொன்று வந்தது.

"நிரோஷாதான்," என்றாள் குமுதா. "எண்பத்திமூணு கிலோவத் தோளுக்கு ஏத்தி எழுந்து நின்னா."

மாஸ்டர் சிரித்தார். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். "எழுபத்தெட்டும்மா." "இல்ல மாஸ்டர். எண்பத்திமூணு. ராடு இருபது கிலோ. ஆம்பளைங்க ராடு. நான்தான் தப்பா எடுத்தாந்துட்டேன். வேன்ல ஏறனப்புறம்தான் பாத்தேன். பாத்து இவ்ளோ நேரம் ஆச்சு. இப்பதான் சொல்றேன்." தோள் லேசானது. நிரோஷாவின் தலை எழுந்துவிட்டது. தூங்கவேயில்லை போலிருக்கிறது அவள். அந்த இடத்தில் வியர்வை பட்டுக் காற்று சில்லென்று அடித்தது. ஏகாம்பரம் அண்ணன் சீட்டை விட்டு இறங்கி, மண்டி போட்டு, இரண்டு ராடின் முனைக்கும் நடுவே கையை விரித்து வைத்தார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை. ஒரு சாண், சரியாக. கையை எடுக்காமலே மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். வெளியே சரக்கு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, எண்ணி மாளாது என்பதுபோல, போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் நிரோஷா குனிந்து நீளமான ராடைப் பிடித்தாள். அவள் விரல்கள் சுற்றி வந்து, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரயில் போனதும், "நான் சொன்னேன்ல," என்றாள். "சொன்ன." "தடியா கீதுன்னு சொன்னேன்ல." "சொன்ன." "நீ இன்னா சொன்ன?" "பயத்துல அப்படித்தான் இருக்கும்னேன்." பளீரென்று ஒரு அடி குமுதாவின் முதுகில் விழுந்தது. எடை தூக்குகிறவளின் அடி. மூச்சே ஒரு கணம் நின்றுபோனது. "நாலு மாசம்க்கா," என்றாள் நிரோஷா. "நாலு மாசம் தெனம் காலைல அஞ்சு மணிக்கு." எழுந்து, ராடுகளைத் தாண்டி, முன்னால் போய் ஏகாம்பரம் அண்ணன் விட்டு வந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு. ஏகாம்பரம் அண்ணன் தயங்கி நின்றுவிட்டு, குமுதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட் திறந்தது. வேன் தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது இரண்டு ராடுகளும் சேர்ந்து ஒரு தரம் அதிர்ந்தன.

மாஸ்டர் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதோரம் சிவந்திருந்தது. "ராட நானும் பாக்கல," என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல். "இருபத்தெட்டு வருஷமா பாக்கறவன். நானே பாக்கல." பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "சங்கத்துக்கு எழுதணும், குமுதா. நடந்தத நடந்தபடி எழுது. ஒண்ணும் வராது அதால. ஆனா எழுது. உன் பேரப் போட்டு எழுது, கீழ நான் கையெழுத்து போடறேன்," என்றார். "சரிங்க மாஸ்டர்." எப்படித் தொடங்குவது என்று அவள் யோசிக்கவில்லை. அந்தக் காணாமல் போன வாக்கியம் இப்போது திரும்பி வந்திருந்தது. அப்சல் பாய் பாட்டு போடக் கை நீட்டி, போடாமல் கையை எடுத்துக்கொண்டார். முதுகு இன்னும் எரிந்தது. எரியட்டும். அந்த எரிச்சலில் ஏதோ ஒரு சௌகரியம்கூட இருந்தது, கணக்கு எங்கேயோ ஓரிடத்தில் சரியாகத் தொட்டதுபோல. ஆனால் தோள். தோளில் அந்தக் குளிர்ந்த இடம். அதை அவள் கையால் மூடிக்கொண்டாள். இனி வராது, என்று நினைத்தாள். சரி, வர வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் எண்பத்து மூன்று என்று தெரிந்து ஏறட்டும்.

வேலூர் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் என்ற மைல்கல் போனது. அப்போது முன்சீட்டிலிருந்து, திரும்பாமலே, நிரோஷாவின் குரல். "மாஸ்டர், நான் முழுசா எழுந்து நின்னேன் இல்ல? முட்டி நேரா இருந்துச்சு இல்ல?" மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "கம்பம் மாதிரி நின்ன." "ஓ." ஒரு மாட்டு மந்தைக்காக வேன் மெதுவானது. "பெரிய ஆளு யாருன்னு தீர்ப்பு ஆயிடுச்சா அப்ப?" என்று அப்சல் பாய் மெல்லக் கேட்டுப் பார்த்தார். "அதெல்லாம் ஆவல," என்றார் ஏகாம்பரம் அண்ணன் கடைசி சீட்டிலிருந்து. "ஜெர்க் பாக்கி கீது. தலைக்கு மேல போவாம எப்படி குடுக்கறது? அப்பீல்ல நிக்குது கேசு." நிரோஷாவின் முதுகு குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின்னாலிருந்து குமுதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "மாஸ்டர்," என்றாள் அவள். "நாளைக்கு சாயங்காலம் கம்பெனி விட்டு ஆறு மணிக்கு வந்துடுவேன். கிளப்ப மூடிடாதீங்க. எழுபத்தெட்டு வெக்கச் சொல்லுங்க. எங்க ராடுல. கொழாய சரி பண்ணி வெக்கணும்." "பண்ணிடலாம். தட்டு யாரு போடறது?" என்று கேட்டார் மாஸ்டர், வேண்டுமென்றே. மந்தை கடந்து போய், வேன் வேகம் பிடித்து, மலை மேல் வெயில் சாய்ந்தது.

"அக்காவே போடட்டும்," என்றாள் நிரோஷா. "ஆனா நான் எண்ணிப் பாத்துட்டுதான் தூக்குவேன்."

குமுதா கால் கட்டைவிரலை இரும்பிலிருந்து எடுத்தாள். கண்ணை மூடி, கூட்டலை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். முதலில் ராடு.